மடக்கிய கையின் மர்மம்

எலும்பு முறிந்து, ஆறு வாரம் மாவுக்கட்டில் இருந்த கையுடன் மாணவன் ஒருவன் சென்ற மாதம் வகுப்புக்குத் திரும்பினான். கட்டை அவிழ்த்த கை, மற்றக் கைக்குத் தம்பிபோல் இளைத்திருந்தது. “ஸார், தசை செத்துவிட்டதா? இனி வளராதா?” என்று கேட்டான். அவனுக்குச் சொன்ன பதிலையே இங்கே எழுதுகிறேன். படுக்கையோடு கிடக்கும் பெரியோர் உள்ள வீடுகளுக்கும் அது உதவும்.

முழங்கையை மடக்கினால் புஜத்தின் தசை எலுமிச்சம்பழம்போல் திரள்கிறது. மூளையிலிருந்து நரம்பு வழியே ஒருவித ஆவி பாய்ந்து தசையை ஊதுகிறது என்றே ஐரோப்பியப் பண்டிதர்கள் நெடுங்காலம் நம்பினார்கள். 1660-களில் ஹாலந்து தேசத்து ஸ்வாமர்டாம் என்பவர் தவளையின் தசையைக் கண்ணாடிக் குழாயில் அடைத்து, குழாயின் நுனியில் ஒரு துளி நீரை நிறுத்தினார். பிறகு நரம்பை அசைத்துத் தசையைச் சுருங்கச் செய்தார். தசை ஊதுமாயின் நீர்த்துளி மேலே ஏற வேண்டும் அல்லவா? அது ஏறவில்லை. தசை பருப்பதில்லை, குறுகிய அளவுக்குத் தடிக்கிறது, அவ்வளவுதான்.

எப்படிக் குறுகுகிறது? தசை என்பது மயிரிழை போன்ற நார்களின் கட்டு. ஒவ்வொரு நாருக்குள்ளும் அதனினும் நுண்ணிய சரடுகள் நூற்றுக்கணக்கில் உண்டு. சரடு முழுவதும் வரிசையாகச் சிற்றறைகள். ஒரு சென்டிமீட்டரில் சுமார் 4,000 அறைகள் அடங்கும். அறையின் நடுவே மயோஸின் என்னும் தடித்த இழைகள்; இரு புறச் சுவர்களிலிருந்தும் அவற்றின் இடையே நீளும் மெல்லிய இழைகள் ஆக்டின். 1954-ம் வருஷத்தில் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் நீடர்கெர்க்கெயும் ஒருபுறம், ஹ்யூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்ஸனும் மறுபுறம், ‘நேச்சர்’ பத்திரிகையின் ஒரே இதழில் உண்மையை வெளியிட்டார்கள். இழைகள் சுருங்குவதே இல்லை. விரல்களைக் கோத்து உள்ளே தள்ளுவதுபோல் ஒன்றினிடையே ஒன்று நழுவுகின்றன, அறை குறுகுகிறது.

நழுவச் செய்வது எது? நரம்பின் கட்டளை வந்ததும் நாருக்குள் கால்ஷியம் வெளிப்பட்டு, ஆக்டினில் மறைந்திருந்த பிடிமானங்களைத் திறந்துவிடுகிறது. மயோஸினின் எண்ணற்ற சிறு தலைகள் அவற்றைப் பற்றி இழுத்து, விட்டு, மீண்டும் சற்று அப்பால் பற்றுகின்றன. கிணற்றில் நீர் இறைப்பவர் கயிற்றைக் கைமாற்றி இழுப்பதும் இப்படித்தானே?

இதில் ஒரு விசித்திரம் உண்டு. பற்றிய பிடியை விடுவதற்கே ஏ.டி.பி. என்னும் சக்திப் பொருள் வேண்டும். உயிர் பிரிந்தபின் அது தீர்ந்துவிடுகிறது. தலைகள் பிடித்த பிடியிலேயே நின்றுவிடுகின்றன. பிணம் விறைப்பதன் காரணம் இதுவே.

தசைக்கு இழுக்கத்தான் தெரியும், தள்ளத் தெரியாது. ஆகையால் மடக்க ஒன்று, நீட்ட ஒன்று என்று இரண்டாக அமைந்திருக்கின்றன.

இனி மாணவனின் கேள்விக்கு வருவோம். வேலையற்ற தசையில் உடல் புதிய இழைகளைச் சேர்ப்பதைக் குறைத்துக்கொள்கிறது. நார்கள் மெலிகின்றனவே தவிர, பெரும்பாலும் அழிந்துவிடுவதில்லை. மீண்டும் வேலை கொடுத்தால் உள்ளே சரடுகள் பெருகி, நார் தடிக்கிறது. முதுமையும் இதற்குத் தடையல்ல. 1990-ம் வருஷத்தில் வெளியான பாஸ்டன் நகரத்து ஆராய்ச்சி ஒன்றில், தொண்ணூறு வயதை ஒட்டிய முதியோர் எட்டு வாரம் கால்களால் பளுவைத் தூக்கிப் பழகினார்கள். அவர்கள் கால்களில் பலம் கணிசமாகக் கூடியது. வைத்தியர் அனுமதித்தபின்னும், ‘பாவம், ஓய்வெடுக்கட்டும்’ என்று பாட்டியை எழவிடாமல் வைப்பது அன்பாகத் தோன்றலாம். அவள் தசைக்கு அது அன்பன்று.

பையன் இப்போது தினமும் தண்ணீர்ச் செம்பை அந்தக் கையால் தூக்கிப் பழகுகிறான். நேற்று கரும்பலகையைத் துடைக்கவும் அதே கையைத்தான் நீட்டினான்.