மிளகு மூட்டைக்கு எந்த ஊர்?

மட்டாஞ்சேரி யூதர் தெருவில் இன்று பழம்பொருள் கடைகளும் அத்தர் கடைகளும்தான் நம் கண்ணில் படுகின்றன. ஆனால் 1957-ல் தொடங்கிய இந்திய மிளகு வர்த்தகச் சங்கம் இருப்பதும் அந்தத் தெருவில்தான். முன்பெல்லாம் அங்கே தரகர்கள் கூவிக் கூவி விலை பேசுவார்கள். மூட்டையை விற்பதா, பரணில் போடுவதா என்று இடுக்கி விவசாயி தீர்மானித்தது அந்த விலையைக் கேட்டுத்தான்.

என் சம்பந்திக்கு வண்டன்மேடு பக்கம் ஒன்றரை ஏக்கர் உண்டு. 2015-ல் கிலோ 600 ரூபாய்க்கு மேல் விற்றவர், 2019-ல் பாதிக்குச் சற்று மேல்தான் வாங்கினார். "மழையும் பொய்க்கவில்லை, வாடல் நோயும் இல்லை. பின்னே ஏன் சம்பந்தி?" என்று என்னைக் கேட்டார்.

வெளிநாட்டு மிளகுக்கு நம் நாட்டில் சுங்கவரி 70 சதவீதம். 1998 டிசம்பரில் கையெழுத்தாகி 2000 மார்ச்சில் அமலுக்கு வந்த இலங்கை ஒப்பந்தத்தில் இதற்கு விலக்கு கிடைத்தது. பின்னர் அளவு வரையறுத்து, ஆண்டுக்கு 2,500 டன் வரியில்லாமல் வரலாம் என்றார்கள். அதற்கு மேல் வருவதற்கு, தெற்காசிய ஒப்பந்தப்படி 8 சதவீதமே வரி.

2009-ல் ஆசியான் ஒப்பந்தம் கையெழுத்தானபோது கேரளமே கொதித்தது. அக்டோபர் 2-ஆம் தேதி காசர்கோட்டிலிருந்து திருவனந்தபுரம் வரை மனிதச் சங்கிலி நின்றது. அந்த ஒப்பந்தத்தில் மிளகுக்கு வரி படிப்படியாக 50 சதவீதத்துக்குத்தான் இறங்கியது. உலகிலேயே அதிகம் மிளகு விளைவிக்கும் வியட்நாம் நேர்வழியில் வந்தால் 50, கொழும்பு வழியாக வந்தால் 8. வியாபாரி எந்த வழியில் போவான் என்று சொல்லவா வேண்டும்!

இலங்கைச் சரக்கு என்று சொல்ல, அங்கே 35 சதவீத மதிப்பு சேர்ந்திருக்க வேண்டும் என்பது விதி. அதற்கொரு சான்றிதழும் உண்டு. நான் ரயில்வேயில் பார்த்த வேகன் லேபிள் மாதிரிதான் அதுவும். எங்கே ஏற்றினார்கள் என்று சொல்லும். எங்கே விளைந்தது என்று சொல்லாது. வியட்நாம் மிளகு இப்படிப் பெயர் மாறி வருகிறது என்று நம் விவசாயிகள் ஓயாமல் புகார் செய்தார்கள். எண்ணெய்ச் சத்து மிகுந்த மாத்தளை மிளகுக்கும் இதனால் கெட்ட பெயர்தான். பாவம், அங்கே பயிரிடுபவர்களும் சிறு விவசாயிகளே.

2017 டிசம்பரில் மத்திய அரசு, கிலோ 500 ரூபாய்க்குக் குறைந்த மிளகை இறக்குமதி செய்யக் கூடாது என்றது. உடனே பில்லில் விலையைக் கூட்டிப் போட்டுக் கொண்டுவருவதாக அடுத்த புகார் எழுந்தது. 2019-ல் கொச்சி விலை 500-க்கு வெகு கீழேயே கிடந்தது.

அந்த வருடம் சம்பந்தி நாற்பது கொடிகளை வெட்டிவிட்டு ஏலம் வைத்தார். 2024-ல் மிளகு மறுபடி 600-ஐத் தாண்டியது. இப்போதும் காலையில் போன் செய்து, "இன்றைக்குக் கொச்சியில் என்ன விலை?" என்றுதான் முதலில் கேட்கிறார். பேரன் எப்படியிருக்கிறான் என்பது அப்புறம்தான்.