முடி துறந்த மன்னனின் ஊர்

இத்தாலியின் பழம்பெருமையைப் பேசத் தொடங்கினால் ரோம், பொம்பெயி என்னும் இரு பெயர்களோடு நாம் நின்றுவிடுகிறோம். அந்நாட்டின் வடமேற்கே, ஆல்ப்ஸ் மலைப் பள்ளத்தாக்கில், சூசா என்றொரு சிற்றூர் உண்டு. அதன் வரலாறும் நாம் அறியத்தக்கதே.

அகஸ்டஸ் பேரரசர் ஆல்ப்ஸ் மலைக் குடிகளை ஒன்றன்பின் ஒன்றாக அடக்கிவந்த காலம். செகூசியோ எனப்பட்ட இவ்வூரை மன்னர் டொன்னசின் மைந்தன் கோட்டியஸ் ஆண்டுவந்தான். அவன் போரை விடுத்து உடன்படிக்கையை ஏற்றான். மன்னன் என்ற பட்டம் போயிற்று; ரோமானிய ஆட்சியாளன் என்ற பதவி வந்தது. ஆனால் நாடு அவன் பொறுப்பிலேயே இருந்தது.

இதற்குச் சான்றாக, கி.மு. 9-8 ஆண்டுகளில் எழுந்த வெண்பளிங்கு வளைவு இன்றும் நிற்கிறது. உயரம் ஏறத்தாழ 13 மீட்டர். காளையும் ஆடும் பன்றியும் பலியிடப்படும் காட்சி அதில் செதுக்கப்பட்டுள்ளது. கோட்டியசின் ஆட்சிக்குட்பட்ட 14 குடிகளின் பெயர்களைக் கல்வெட்டு கூறுகிறது. அதில் பதித்த வெண்கல எழுத்துக்கள் மறைந்துவிட்டன. அவை இருந்த தடங்களே எஞ்சியுள்ளன. மண்ணில் புதைந்து கிடந்து 20-ஆம் நூற்றாண்டில் அகழ்ந்தெடுக்கப்பட்ட வட்டரங்கு ஒன்றும் அண்மையில் உள்ளது. 1174-இல் பிரெடெரிக் பார்பரோசா ஊரைத் தீக்கிரையாக்கினான், வளைவோ அழியவில்லை.

பணிந்து போனவன் என்று கோட்டியசைச் சிலர் இகழலாம். நான் அவ்வாறு கருதவில்லை. அவன் மறைந்து முந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் அவன் கல்லறை போற்றப்பட்டதை அம்மியானஸ் என்ற வரலாற்றாசிரியர் குறிப்பிடுகிறார். நீதியோடு ஆண்டான், தன் மக்களுக்கு அமைதி தேடித் தந்தான் என்பவையே அவர் கூறும் காரணங்கள். முடி போயிற்று, பெயர் போகவில்லை. அம்மலைத் தொடருக்கு இன்றும் கோட்டியன் ஆல்ப்ஸ் என்றே பெயர்!