ஜடேஜா கைமாறிய கணக்கு



2025 நவம்பர் 15, சனிக்கிழமை. சரக்கு எடுக்க வந்த கே.கே. நகர் மளிகைக்கடைத் தம்பி ஒருவர், துவரம்பருப்பு விலையைக் கேட்பதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டார்: "அண்ணாச்சி, ஜடேஜாவையே கொடுத்துட்டாங்களே! பதினெட்டுக் கோடி ஆளு, பதினாலு கோடிக்குப் போறாரு. அவ்வளவுதானா அவரு மதிப்பு?"

நான் கிரிக்கெட் தெரிந்தவன் அல்ல. நாற்பது ஆண்டுகளாகப் பருப்பு மொத்த வியாபாரம் செய்பவன். ஆனால் அன்று இரவு அந்தப் பரிமாற்றத்தை ஒரு தாளில் வரவு, செலவு என்று எழுதிப் பார்த்தேன். நம் வியாபாரிகள் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் அதில் இருப்பதாகத் தோன்றியதால் இங்கே எழுதுகிறேன்.

நடந்தது என்ன?

ஐ.பி.எல். போட்டியில் ராஜஸ்தான் ராயல்ஸ் அணி தன் கேப்டன் சஞ்சு சாம்சனைச் சென்னை சூப்பர் கிங்ஸுக்குக் கொடுத்தது. பதிலுக்குச் சென்னை அணி ரவீந்திர ஜடேஜாவையும் இங்கிலாந்து வீரர் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்தது. சாம்சன் பழைய சம்பளமான ரூ. 18 கோடிக்கே வந்தார். சாம் கரன் பழைய ரூ. 2.40 கோடிக்கே போனார். ஜடேஜா சம்பளம் மட்டும் ரூ. 18 கோடியிலிருந்து ரூ. 14 கோடியாகக் குறைந்தது.

அந்த விலைகள் எங்கிருந்து வந்தன?

ஐ.பி.எல்.லில் ஒரு வீரருக்கு விலை ஏற்படுவது இரண்டு வழிகளில். ஒன்று ஏலம். மற்றொன்று, ஏலத்துக்கு விடாமல் அணியே தக்கவைத்துக் கொள்வது. 2025 போட்டிக்கு முன் ஒவ்வொரு அணியும் ரூ. 120 கோடிக்குள் ஆள் சேர்க்க வேண்டும் என்று வரம்பு வைத்தார்கள். தக்கவைக்கும் வீரர்களுக்கு வரிசைப்படி 18, 14, 11, 18, 14 கோடி என்று கணக்கு வகுத்தார்கள். அப்படித்தான் சென்னையில் ஜடேஜாவுக்கும் ராஜஸ்தானில் சாம்சனுக்கும் 18 கோடி வந்தது. நாலு பேர் போட்டியிட்டுக் கேட்டு ஏறிய விலை அல்ல அது. வரிசைக்கு வைத்த விலை.

சாம் கரன் கதை வேறு. 2022 டிசம்பர் ஏலத்தில் பஞ்சாப் அணி அவரை ரூ. 18.50 கோடிக்கு எடுத்தது. அதுவரை ஐ.பி.எல். ஏலத்தில் யாருக்கும் கிடைக்காத தொகை. இரண்டு ஆண்டு கழித்து 2024 நவம்பர் ஏலத்தில் அதே ஆளைச் சென்னை ரூ. 2.40 கோடிக்கு எடுத்தது. வயது இருபத்தாறு, பந்து வீசும் கையும் மட்டை பிடிக்கும் கையும் பழையவைதான். மாறியது ஏலம் நடந்த நாளின் வரத்தும் தேவையும்.

ஆக, கைமாறிய மூன்று பேர் மீதும் ஒட்டியிருந்த விலைச்சீட்டு மூன்றும் பழைய ஒப்பந்தத்தில் எழுதியவை. அன்றைய மார்க்கெட் விலை அல்ல. ஒரு நட்சத்திர வீரர் கைமாறும்போது ஆட்டத்தோடு சேர்த்து அந்தப் பழைய ஒப்பந்தத்தையும் வாங்குகிற அணி சுமந்தாக வேண்டும்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள்

ராஜஸ்தான் கொடுத்தது 18 கோடி ஆள். ஜடேஜாவைப் பழைய சம்பளத்துக்கே வாங்கியிருந்தால் 18-ம் 2.40-ம் சேர்ந்து 20.40 கோடி பொறுப்பு ஏறியிருக்கும். அவர்கள் கையிருப்போ மிகவும் குறைவு. ஜடேஜா 14 என்றானதும் மொத்தம் 16.40 ஆயிற்று. ராஜஸ்தானுக்கு மிச்சம் 1.60 கோடி.

சென்னைக்குத் தலையிலிருந்து இறங்கியது 20.40 கோடி, ஏறியது 18. மிச்சம் 2.40 கோடி.

இரண்டு மிச்சத்தையும் கூட்டினால் 4 கோடி. ஜடேஜா சம்பளத்தில் குறைந்ததும் சரியாக அதே 4 கோடி! இரண்டு கடைக்கும் லாபம் என்று தெரிகிற வியாபாரத்தில் அந்த லாபம் யார் பையிலிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறதல்லவா?

வீரர் சம்மதிக்காமல் கைமாற்றம் கிடையாது என்பது விதி. அவர் சம்மதித்தே போனார். அதனால் இதில் தவறு என்று யாரையும் சொல்ல வரவில்லை. கணக்கு எங்கே நேராகிறது என்பதைத்தான் சொல்கிறேன்.

ஜடேஜாவின் பழைய பேரேடு

அவர் 2008-ல் ஐ.பி.எல்.லுக்கு வந்ததே ராஜஸ்தான் அணியில்தான். அந்த ஆண்டு கோப்பை வென்ற அணியில் பத்தொன்பது வயதுப் பையனாக இருந்தார். பிறகு, ராஜஸ்தானோடு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் வேறு அணியோடு பேரம் பேசினார் என்று 2010 போட்டி முழுவதும் ஆடத் தடை விதித்தார்கள். 2011-ல் கொச்சி அணி. 2012 ஏலத்தில் சென்னையும் ஐதராபாத் டெக்கான் அணியும் உச்சவரம்பான 20 லட்சம் டாலர் வரை வந்து சமமாக நின்றன. அதற்கு மேல் மூடிய உறையில் தொகை எழுதிக் கொடுத்து, சென்னை அவரை எடுத்தது. சென்னை அணி ஆடாத 2016, 2017 தவிர 2025 வரை இங்கேதான் இருந்தார். 2023 இறுதி ஆட்டத்தில் கடைசி இரண்டு பந்தில் பத்து ரன் தேவைப்பட்டபோது ஒரு சிக்ஸரும் ஒரு பவுண்டரியும் அடித்துக் கோப்பையை வாங்கித் தந்ததை நம் ஊரில் யார் மறப்பார்?

2010-ல் தானாகப் பேசியதற்குத் தண்டனை. 2025-ல் இரண்டு அணிகளும் பேசி, முறையாக எழுதி, அதே ராஜஸ்தான் வாசலுக்கே திரும்ப அனுப்பின. பேரம் பேசுவது குற்றமல்ல; பழைய கணக்கை முடிக்காமல் பேசுவதுதான் வம்பு.

கடல் கடந்த ஓர் உதாரணம்

கனடாவில் பனித்தரையில் ஆடும் ஐஸ் ஹாக்கிதான் பெரிய ஆட்டம். அதில் தலைசிறந்தவர் வேய்ன் கிரெட்ஸ்கி. பதினேழு வயதில், 1978-ல், இண்டியானாபொலிஸ் அணியின் முதலாளியோடு அவர் போட்ட ஒப்பந்தம் அணியோடு அல்ல, முதலாளியின் சொந்தப் பெயரில். சில மாதத்திலேயே அந்த ஒப்பந்தம் எட்மன்டன் அணி முதலாளிக்குக் கைமாறியது. மறு ஆண்டு எட்மன்டன் பெரிய லீக்கில் சேர்ந்தபோது பல வீரர்களை இழக்க நேரிட்டும் அவரை மட்டும் விடாமல் வைத்துக்கொள்ள முடிந்ததற்கு அப்படியொரு சொந்த ஒப்பந்தமே கைகொடுத்தது. 1988 ஆகஸ்ட் 9-ல், ஒப்பந்தக் காலம் முடிந்து அவர் வெறுமனே போய்விடுவதற்கு முன், லாஸ் ஏஞ்சல்ஸ் அணிக்குக் கொடுத்து ஒன்றரைக் கோடி டாலர் ரொக்கமும் ஆட்களும் வாங்கிக் கொண்டார்கள். காலாவதித் தேதி நெருங்கும் சரக்கை நாம் தள்ளிவிடுவதில்லையா, அதுபோல!

நம் கடையில் நடப்பது

இதையெல்லாம் எழுதக் காரணம் என் சொந்த அனுபவம். 1998-ல் வேறொரு மண்டியில் வேலை பார்த்த கணக்குப்பிள்ளை ஒருவரைக் கூடுதல் சம்பளம் சொல்லி என் கடைக்கு அழைத்துக் கொண்டேன். அவர் பழைய முதலாளியிடம் பன்னிரண்டாயிரம் ரூபாய் முன்பணம் வாங்கி, புரோநோட்டு எழுதிக் கொடுத்திருந்தார். நான் விசாரிக்கவில்லை. மூன்றாம் நாள் அந்த முதலாளி புரோநோட்டோடு என் கடைத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். பணத்தை எண்ணிக் கொடுத்தேன். பிறகு அதை மாதம் ஐந்நூறாகக் கணக்குப்பிள்ளை சம்பளத்திலேயே பிடித்துக் கொண்டேன். பழைய முதலாளிக்கு நஷ்டமில்லை, எனக்கும் நஷ்டமில்லை. நான் சொல்லி அழைத்த கூடுதல் சம்பளம்தான் அவர் வீட்டுக்குப் போய்ச் சேரவில்லை. அதைச் சாமர்த்தியம் என்று அப்போது நினைத்தேன். பாக்கி தீர்ந்த மாதமே அவர் விலகிவிட்டார். அவரை நம்பி வந்த சில்லறைக் கடைக்காரர்கள் பலரும் கூடவே போனார்கள்.

14 கோடி வாங்குபவருக்கு 4 கோடி தாங்கும். மாதச் சம்பளக்காரருக்கு ஐந்நூறு தாங்காது.

ஆகவே அன்பர்களே, ஆளை எடுத்தாலும், ஏஜென்சியை எடுத்தாலும், நடக்கிற கடையை எடுத்தாலும் மூன்றைக் கவனியுங்கள்:

1. பழைய பத்திரத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். முன்பணம், டெபாசிட், கெடு தேதி மூன்றும் தெரியாமல் கை கொடுக்காதீர்கள்.

2. பழைய விலையை மதிப்பு என்று நம்பாதீர்கள். 18.50 கோடியும் 2.40 கோடியும் ஒரே ஆளின் விலைதான்.

3. வித்தியாசத் தொகையை யார் ஏற்பது என்பதை மூன்று தரப்பும் இருக்கும்போதே பேசி எழுதுங்கள். பேசாமல் விட்டால் அது வாய் இல்லாதவர் தலையில்தான் விழும்.

அந்தக் கடைத் தம்பிக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "தம்பி, 14 கோடி அவர் மதிப்பு இல்லை. அந்தக் கணக்கு நேராக அவ்வளவு தேவைப்பட்டது." அவர் சிரித்துவிட்டுத் துவரம்பருப்பு விலையைக் கேட்டார்.