தாடி ஓணானின் சாப்பாட்டுக் கணக்கு

"வேலியில போன ஓணானைப் பிடிச்சு வேட்டிக்குள்ள விட்டுக்கிட்ட கதை" என்று ஊரில் சொல்வோம் இல்லையா? சிட்னியில் இருக்கும் எங்க அக்கா வீட்டில் அதைக் காசு கொடுத்தே செய்திருக்கிறார்கள். மகனின் ஒன்பதாவது பிறந்தநாளுக்கு ஒரு ஓணான் குட்டி. அதற்கு அரசாங்க உரிமம், கண்ணாடிப் பெட்டி, இரண்டு வகை விளக்கு, உயிரோடு டப்பாவில் வரும் பூச்சிகள். பெயர் பாண்டி.

போன வருடம் அம்மாவும் நானும் மூன்று மாதம் அங்கே தங்கினோம். எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கும் போன பிறகு பாண்டிக்குச் சாப்பாடு போடுவது அம்மாவின் பொறுப்பு. "பாவம்டா, கண்ணாடியச் சுரண்டிக்கிட்டு என்னையே பாக்குது" என்று சொல்லி நாலு புழு போடுவார். மத்தியானம் இன்னும் நாலு.

கிளம்ப இரண்டு வாரம் இருக்கும்போது பாண்டி படுத்தே கிடந்தது. கீரையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போனோம். எடை 610 கிராம். வளர்ந்த ஓணான் பெரும்பாலும் 300-லிருந்து 500 கிராமுக்குள் இருக்கும். ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, கல்லீரலில் கொழுப்பு சேர ஆரம்பித்திருக்கிறது என்றார். பிறகு ஒரே ஒரு கேள்வி: "வாரத்துக்கு எத்தனை பூச்சி போடுறீங்க?" அக்கா என்னைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன்.

உண்மையில் அம்மாவை மட்டும் குறை சொல்ல முடியாது. மூன்று மாதத்தில் வந்த கொழுப்பு இல்லை அது. பாண்டி குட்டியாக வந்தபோது எழுதி ஒட்டிய சாப்பாட்டுப் பட்டியல் மூன்று வருடம் கழித்தும் பெட்டியின் மேல் அப்படியே இருந்தது. பட்டியலில் ஒரு தப்பும் இல்லை. பாண்டிக்குத்தான் வயதாகிவிட்டது.

அன்றிலிருந்து இது பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். அந்தக் குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை.

யார் இந்தப் பாண்டி?

பொகோனா விட்டிசெப்ஸ் என்பது அறிவியல் பெயர். ஆங்கிலத்தில் பியர்டட் டிராகன். கோபம் வந்தால் தொண்டைக்குக் கீழே இருக்கும் முள்முள்ளான தோலை உப்பிக் கறுப்பாக்கிக்கொள்ளும். பார்க்கத் தாடி மாதிரி இருக்கும். நம்ம தோட்டத்து வேலியில் தலையாட்டும் ஓணானும் இதுவும் ஒரே குடும்பம் (அகாமிடே). அதனால் தாடி ஓணான் என்றே சொல்கிறேன்.

சொந்த ஊர் ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வறண்ட பகுதிகள். புதர், செம்மண், எப்போதாவது மழை. வால் நுனி வரை அளந்தால் 45-லிருந்து 60 சென்டிமீட்டர் வரை வளரும். கிடைத்ததைத் தின்னும்: பூச்சி, புழு, இலை, பூ. கண்ணில் பட்ட பூச்சியை விடாது. "அப்புறம் சாப்பிடலாம்" என்று விட்டுவைக்கிற ஓணான் அந்த நிலத்தில் பிழைத்திருக்காது.

இந்தக் குணத்தை நினைவில் வையுங்க. பிரச்சினையே இங்கேதான் ஆரம்பிக்குது.

முதல் வருடம்: பூச்சிக் காலம்

முட்டையிலிருந்து வரும் குட்டி ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் நீளம், இரண்டு மூன்று கிராம் எடை. ஒன்று, ஒன்றரை வருடத்தில் அது முழு உருவத்தை எட்டிவிடும். அந்த வேகத்தில் எலும்பும் தசையும் கட்ட வேண்டுமென்றால் புரதம் நிறைய வேண்டும். கீரையை மட்டும் தின்று அந்த வளர்ச்சி வராது.

அதனால் முதல் மூன்று நான்கு மாதம் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று வேளை பூச்சி. ஒவ்வொரு வேளையும் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் எவ்வளவு தின்கிறதோ அவ்வளவு. மீதிப் பூச்சியை எடுத்துவிட வேண்டும். பசித்த சுவர்க்கோழி தூங்குகிற ஓணானையே கடிக்கும். மொத்த சாப்பாட்டில் பூச்சி முக்கால் பங்குக்கு மேல், மீதி பொடியாக நறுக்கிய கீரை. குட்டி கீரையைத் தொடாவிட்டாலும் தினமும் வைக்கணும். கண்ணுக்குப் பழகினால்தான் பின்னாளில் வாய்க்குப் பழகும்.

அளவு முக்கியம். குட்டியின் இரண்டு கண்ணுக்கும் நடுவே உள்ள இடைவெளியைவிடப் பெரிய பூச்சி கூடாது. பெரிதாகப் போட்டால் குடலில் அடைத்துக்கொள்ளும்.

பிறகு தராசு திரும்பும்

ஆறு மாதத்தை ஒட்டிப் பூச்சியை ஒரு வேளையாகக் குறைக்கலாம். ஒரு வயதுக்கு மேல் வளர்ச்சி மெதுவாகும்போது ஒருநாள் விட்டு ஒருநாள். ஒன்றரை வயதில் வளர்ச்சி நின்ற பிறகு வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, அதுவும் கொஞ்சம்தான். இப்போது தட்டில் முக்கால் பங்குக்கு மேல் கீரையும் காயும். குட்டிக் காலத்துக் கணக்கு அப்படியே தலைகீழ்.

மாதக் கணக்கைவிட எடையும் நீளமும் நல்ல வழிகாட்டி. மாதம் ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுத்தி எழுதிவைத்தால் போதும். நீளம் நின்ற பிறகும் எடை ஏறிக்கொண்டே போனால் அது வளர்ச்சி இல்லை, கொழுப்பு. முட்டையிடும் பெண் ஓணானுக்கு மட்டும் விதிவிலக்கு: ஆண் இல்லாமலேயே அது முட்டையிடும். அந்தச் சமயத்தில் சாப்பாடும் கால்சியமும் கூடுதலாக வேண்டும்.

எந்தப் பூச்சி என்பதும் கணக்குதான். எடையில் சுவர்க்கோழியில் கொழுப்பு ஏறக்குறைய 7 சதவீதம். மீல்வார்ம் என்கிற மாவுப்புழுவில் 13. தேனடையைத் தின்னும் வாக்ஸ்வார்மில் 25. அம்மா போட்டது மீல்வார்ம். பாண்டிக்கு அது தினமும் பஜ்ஜி மாதிரி.

"காட்டுல யாரு கணக்குப் போட்டுக் குடுக்குறா?"

அம்மா கேட்ட கேள்வி இது. நியாயமான கேள்வி.

இதற்கு ஒரு சுவாரசியமான பதில் இருக்கிறது. இயற்கையாகத் திரியும் தாடி ஓணான்களைப் பிடித்து, வயிற்றைக் கழுவி, என்ன தின்றிருக்கின்றன என்று பார்த்த ஒரு ஆய்வு 2015-இல் வெளியானது. தின்றிருந்த பூச்சிகளில் மிகப் பெரும்பகுதி என்ன தெரியுமா? ஈசல். மழைக்குப் பிறகு புற்றிலிருந்து கிளம்பும் சிறகு முளைத்த கறையான்!

அப்படியானால் வளர்ந்த ஓணான் சைவம் என்பது பொய்யா? பொய் இல்லை, அது பாதிக் கதை. வளர்ந்த ஓணானும் பூச்சி கிடைத்தால் மூக்குப் பிடிக்கத் தின்னும். ஆனால் ஈசல் எப்போ வரும்? நம்ம ஊரில் மழைக்கு மறுநாள் விளக்கைச் சுற்றி வரும். இரண்டொரு நாளில் போய்விடும். ஈசலை அரிசியோடு வறுத்துத் தின்றவர்களுக்கு அது தெரியும். அந்த வறண்ட நிலத்தில் மழையே எப்போதாவதுதான். அன்றைக்குச் சேர்த்த கொழுப்பை ஓடியும், இரை தேடியும், பட்டினி கிடந்தும் ஓணான் கரைத்துவிடும்.

பாண்டிக்கு நாலடிப் பெட்டி. ஓட இடமில்லை, பட்டினி இல்லை. மழை மட்டும் தினமும் பெய்கிறது, அம்மா கையால்.

இதை இப்படிச் சொன்ன பிறகுதான் அம்மாவுக்குப் புரிந்தது. கண்ணாடியைச் சுரண்டுவது எப்போதும் பசி இல்லை. ஆள் வந்தால் புழு வரும் என்று கற்றுக்கொண்ட பழக்கமாகவும் இருக்கும். போதும் என்று நிறுத்துகிற வேலையை அதன் ஊரில் நிலம் பார்த்துக்கொண்டது. பெட்டிக்குள் அதை நாம்தான் பார்க்கணும்.

கால்சியம்

எந்த வயதிலும் மாறாத ஒன்று உண்டு. சாப்பாட்டில் பாஸ்பரஸ் ஒரு பங்கு என்றால் கால்சியம் இரண்டு பங்கு இருப்பது நல்லது. ஒரு கிலோ சுவர்க்கோழியில் பாஸ்பரஸ் ஏறக்குறைய 3 கிராம், கால்சியம் அரை கிராம்கூட இல்லை. மாவுப்புழு இன்னும் மோசம். கருப்பு சிப்பாய் ஈயின் புழு மட்டும்தான் இதில் நல்ல பிள்ளை. அதில் பாஸ்பரஸைவிடக் கால்சியம் அதிகம்.

இரத்தத்துக்குக் கால்சியம் போதாவிட்டால் உடம்பு எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். தாடை ரப்பர் மாதிரி மெத்தென்று ஆகும், கால் நடுங்கும், முதுகு வளையும். வேகமாக வளரும் குட்டிகளுக்கு இது சீக்கிரம் வரும். அதனால் பூச்சியைக் கால்சியம் பொடியில் புரட்டிப் போடுவார்கள்: குட்டிக்கு அநேகமாகத் தினமும், வளர்ந்ததற்குப் பூச்சி போடும் நாட்களில். பூச்சிக்கும் முந்தைய நாளே காரட், கீரை கொடுக்க வேண்டும். பட்டினிப் பூச்சி வெறும் கூடு.

பொடி மட்டும் போதாது. கால்சியம் உடம்பில் சேர வைட்டமின் டி3 வேண்டும், அதைத் தோலில் தயாரிக்க யுவிபி கதிர் வேண்டும். சாதாரண ஜன்னல் கண்ணாடி யுவிபியைப் பெரும்பாலும் தடுத்துவிடும். அம்மா பாண்டியைத் தினமும் ஜன்னலோரம் வெயில் காட்டினார். இதமான சூடு கிடைத்திருக்கும், அவ்வளவுதான். யுவிபி விளக்கும் எரிந்துகொண்டே இருக்கும்போதே சத்து இழக்கும். உற்பத்தியாளர் சொல்லும் கெடுவில் மாற்றிவிடணும். குளிர்காயும் இடத்தில் 38-லிருந்து 42 டிகிரி வரை வெப்பம் இல்லாவிட்டால் தின்றதும் செரிக்காது.

எந்தக் கீரை?

தமிழ் வீடுகள் தடுக்கி விழும் இடம் இது. "கீரைதானே" என்று முளைக்கீரையும் சிறுகீரையும் போட்டுவிடுவோம். தண்டுக்கீரை இனத்தைச் சேர்ந்த இவற்றிலும் பாலக்கிலும் ஆக்சலேட் அதிகம். அது கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேர விடாது. எப்போதாவது ஓர் இலை கலந்தால் குற்றமில்லை. தினசரிச் சாப்பாடு ஆகக்கூடாது.

தினசரிக்குக் கடுகுக்கீரை, காலர்ட், டர்னிப் கீரை, டான்டெலியன் இலை மாதிரியானவை நல்லது. மஞ்சள் பூசணித் துருவல் கொஞ்சம் சேர்க்கலாம். மருந்தடிக்காத செம்பருத்திப் பூ என்றால் பாண்டி பாய்ந்து வரும். பழம் எப்போதாவது ஒரு துண்டு. ஓணான் கிண்ணத்துத் தண்ணீரைப் பெரும்பாலும் சட்டை செய்யாது. கீரையைக் கழுவி ஈரத்தோடு வைத்தால் அந்த ஈரமும் உள்ளே போகும்.

கூடவே கூடாதவை: அவகாடோ, ரூபார்ப் இலை, மின்மினிப்பூச்சி. மின்மினி தின்ற தாடி ஓணான்கள் இறந்தது 1999-இல் ஆய்வுக் கட்டுரையாகவே வந்திருக்கிறது. ஒரே ஒரு பூச்சி போதும்.

இன்னொன்று: குளிர்காலத்தில் வளர்ந்த ஓணான் வாரக்கணக்கில் தூங்கி வழிந்து சாப்பாட்டைக் குறைக்கும். எடை குறையாமல் இருந்தால் பயப்பட வேண்டாம். வாயைத் திறந்து திணிக்கவும் வேண்டாம். எடை இறங்கினால் மருத்துவரிடம் போங்க.

பாண்டி இப்போது

மருத்துவர் சொன்னபடி பூச்சி வாரத்துக்கு இரண்டு நாள் ஆனது. காலையில் கீரை, பூச்சி நாளிலும் கீரைக்குப் பிறகுதான் பூச்சி. முதல் ஒன்பது நாள் பாண்டி கீரையைத் தொடவே இல்லை. அம்மா அந்த அறைக்கே போகவில்லை. "அது என்னையப் பாக்குறதப் பாக்க முடியலடா" என்றார். பத்தாவது நாள் பூசணித் துருவலில் கொஞ்சம் குறைந்திருந்தது. அக்கா மகன் ஓடி வந்து, "அம்மாச்சி, சாப்பிட்டுட்டான்!" என்று கத்தினான்.

ஏழு மாதம் ஆகிறது. போன வாரம் எடை 520. மெதுவாகத்தான் இறங்கணும், சட்டென்று இறங்கினால் கல்லீரலுக்கு அதுவே ஆபத்து. முழுக்கச் சரியாகிவிட்டதா என்பது அடுத்த ஸ்கேனில்தான் தெரியும்.

ஊருக்குக் கிளம்புவதற்கு முன் அம்மா பால்கனியில் இரண்டு தொட்டியில் கடுகு விதைத்துவிட்டு வந்தார். இப்போது வீடியோ காலில் முதலில் கேட்பது பேரனைப் பற்றி இல்லை. "இன்னிக்கு எத்தன இலை தின்னுச்சு?"