தாடைக் கட்டிக்கு இரத்தம் போகும் வழி



தாடை எலும்பில் வரும் கட்டிகள் பலவும் புற்றுநோய் அல்ல. அவை நுரையீரலுக்கோ ஈரலுக்கோ பரவுவதில்லை. ஆனாலும் எலும்பை உள்ளிருந்து அரித்து, பற்களை ஆடச் செய்து, முகத்தையே கோணலாக்கிவிடும். சில கட்டிகள் அறுவை செய்து எடுத்த பின்பும் திரும்ப வளரும். ஏன் அப்படி? நம் சரீரத்தைக் காக்கும் வெள்ளணுக்களுக்கு இதில் என்ன பங்கு? இந்த இதழில் அதை விளக்க விரும்புகிறோம்.

எந்தக் கட்டிக்கும் சாப்பாடு வேண்டும். அது இரத்தத்தின் வழியாகத்தான் வரும். அமெரிக்காவில் ஜூடா ஃபோக்மன் என்ற அறுவை மருத்துவர் இருந்தார். யூத ரபீ ஒருவரின் மகன். 1960-களின் ஆரம்பத்தில், கடற்படை ஆய்வுக்கூடத்தில், உடலிலிருந்து தனியே எடுத்த தைராய்டு சுரப்பியில் புற்றுச் செல்களை வைத்து அவர் சோதித்தார். அவை ஓரிரு மில்லிமீட்டர் அளவு வளர்ந்து நின்றுவிட்டன. புதிய இரத்தக்குழாய்கள் முளைக்காததே அதற்குக் காரணம் என்று அவர் எண்ணினார். குழாய்களைத் தடுத்தால் கட்டியைப் பட்டினி போடலாம் என்று 1971-இல் எழுதினார். பல ஆண்டுகள் அதை நம்பியவர்கள் சிலரே.

குழாய்களை வரவழைப்பது கட்டி மட்டும் அல்ல. நம் காவலர்களும் அதற்குத் துணை போகிறார்கள் என்பதுதான் ஆச்சரியம். மாஸ்ட் செல் என்றொரு வகை உண்டு. 1878-இல் ஜெர்மனியின் பால் எர்லிக் சாயம் ஏற்றிப் பார்த்துக் கண்டறிந்தது. உள்ளே மணி மணியாக நிறைந்திருந்ததால், நன்றாய் ஊட்டம் பெற்ற செல் என்ற பொருளில் அப்பெயரை வைத்தார். ஒவ்வாமையில் அரிப்பும் தடிப்பும் உண்டாக்குவது இதுவே. 1976-இல் ஃபோக்மனின் குழுவினர் கோழி முட்டைக் கருவின் சவ்வில் ஒரு கட்டியை வைத்துப் பார்த்தார்கள். புதிய இரத்தக்குழாய்கள் வருவதற்கு முன்பே மாஸ்ட் செல்கள் அங்கே கூடிவிட்டன. காயம் ஆறுவதற்குக் குழாய்களை வளர்க்கும் அதே வேலையைத்தான் இவை கட்டிக்கும் செய்துகொடுக்கின்றன. கட்டிக்கும் காயத்துக்கும் வித்தியாசம் அவற்றுக்குத் தெரிவதில்லை.

தாடையில் வரும் 'இராட்சத செல் கட்டி' இதற்கு நல்ல உதாரணம். இது பெரும்பாலும் முப்பது வயதுக்கு உட்பட்டவர்களுக்கு, சிறு பிள்ளைகளுக்கும்கூட, வருகிறது. இதில் காணப்படும் பெரிய செல்கள், இரத்தத்தில் வரும் ஒருவகை வெள்ளணுக்கள் பல ஒன்றோடொன்று சேர்ந்து உண்டானவை. எலும்பைக் கரைப்பவை இவையே. பக்கத்தில் உள்ள வேறு செல்கள் இவற்றை ஓயாமல் கூப்பிட்டுக்கொண்டிருக்கின்றன. சுற்றிலும் நுண்ணிய இரத்தக்குழாய்கள் நெருக்கமாக இருப்பதால், அறுவையில் இரத்தம் அதிகமாய்ப் போகும்.

இனி, பாஸ்டன் நகர மருத்துவர்கள் 1999-இல் வெளியிட்ட அறிக்கைக்கு வருவோம். ஐந்து வயதுச் சிறுமி. கீழ்த்தாடையில் வேகமாக வளரும் பெரிய கட்டி. முதல் அறுவைக்குப் பிறகு இரண்டே மாதத்தில் திரும்ப வந்தது. இரண்டாவது அறுவைக்குப் பிறகு நான்கு மாதத்தில் மறுபடியும். வளருகிற பிள்ளையின் தாடையைப் பெரிதாக வெட்டினால், இன்னும் முளைக்காத பற்கள் போய்விடும். கீழ் உதட்டுக்கு உணர்ச்சி தரும் நரம்பு போகலாம். முகம் ஒரு பக்கம் வளரும், மறுபக்கம் நின்றுவிடும். பெற்றோருக்கு எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இரத்தக்குழாயை வளரத் தூண்டும் ஒரு புரதம் அவளுடைய சிறுநீரில் அளவுக்கு மேல் இருந்தது. ஆகவே, லியோனார்ட் கேபனும் ஃபோக்மனும் மற்றவர்களும் மறுபடி கத்தியை எடுக்காமல், இன்டர்ஃபெரான் ஆல்ஃபா ஊசியைத் தினமும் ஒரு வருஷம் போட்டார்கள். இன்டர்ஃபெரான் 1957-இல் இலண்டனில் கண்டுபிடிக்கப்பட்டது. இந்த ஆல்ஃபா வகையை நம் வெள்ளணுக்களே கிருமிக்கு எதிராகச் சுரக்கின்றன. அது இரத்தக்குழாய்களின் வளர்ச்சியையும் அடக்கும். அந்த ஒரு வருஷத்தில் கட்டி சுருங்கி மறைந்தது. புரதத்தின் அளவு சாதாரண நிலைக்கு வந்தது. தாடை எலும்பும் திரும்ப வளர்ந்தது. சிகிச்சையை நிறுத்தி மூன்று வருஷம் ஆகியும் கட்டி வரவில்லை என்று அறிக்கை சொல்கிறது. வெள்ளணுக்களில் ஒரு சாரார் கட்டிக்கு வழி திறந்தார்கள். வெள்ளணுக்களின் சுரப்பைக் கொண்டே அந்த வழி அடைக்கப்பட்டது.

ஆனால் எல்லாப் பிள்ளைகளுக்கும் இந்த ஊசியைப் போட்டுவிடலாம் என்று நினைத்துவிட வேண்டாம். இன்டர்ஃபெரான் காய்ச்சலையும் சோர்வையும் தரும். பச்சைக் குழந்தைகள் சிலருக்குக் கால்கள் விறைத்துப்போனதும் உண்டு. கேபன் பிற்பாடு பற்களையும் நரம்பையும் காப்பாற்றிக் கட்டியைச் சுரண்டி எடுத்து, மீதியை அடக்க மட்டுமே இந்த ஊசியைக் கொடுத்தார். சிறிய, மெதுவாய் வளரும் கட்டிகளுக்குச் சுரண்டி எடுப்பதே பெரும்பாலும் போதும்.

எலும்பு தின்னும் அந்தச் செல்களைக் கூப்பிடும் குரலையே அடைக்கிற டெனோசுமாப் என்ற மருந்தும் வந்திருக்கிறது. கை கால் எலும்புகளில் வரும் இராட்சத செல் கட்டிக்கு 2013-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. தாடைக் கட்டிக்கும் சில மருத்துவர்கள் கொடுக்கிறார்கள். நிறுத்திய சில மாதங்களில் பிள்ளைகளுக்கு இரத்தத்தில் கால்சியம் ஆபத்தான அளவுக்கு ஏறக்கூடும். அதனால் கடைசி ஊசிக்குப் பிறகும் பல மாதங்கள் இரத்தப் பரிசோதனைக்கு வரச் சொல்ல வேண்டியிருக்கிறது.