ஈஎஸ்பி8266 வைஃபை மாட்யூல்களும் எஃப்சிசி சான்றும்

ஈஎஸ்பி8266 என்பது சீனாவின் ஷாங்காய் நகரைச் சேர்ந்த எஸ்பிரெசிஃப் நிறுவனம் உருவாக்கிய வைஃபை சில்லு ஆகும். இச்சில்லைக் கொண்ட ஈஎஸ்பி-01 என்னும் சிறு மாட்யூல் 2014இல் மலிவு விலையில் சந்தைக்கு வந்தது. பின்னர் ஈஎஸ்பி-12, எஸ்பிரெசிஃப்பின் சொந்தத் தயாரிப்பான ஈஎஸ்பி-வ்ரூம்-02 போன்றவை வெளிவந்தன. இவை அனைத்திலும் சில்லு ஒன்றே. ஆயினும் ஒன்றுக்குக் கிடைத்த சான்று மற்றொன்றுக்குப் பொருந்தாது. சான்று சில்லுக்கு அன்று; சில்லு, படிகம், ஆன்டெனா, உலோகக் கவசம் எல்லாம் சேர்ந்த அந்தப் பலகைக்கே வழங்கப்படுகிறது.

பலகையின் வடிவமைப்பு

ஈஎஸ்பி-01இல் 8 ஊசிகள் உள்ளன, கவசம் கிடையாது. சில்லு 3.3 வோல்ட்டில் இயங்குகிறது. அலைபரப்பும்போது மின்னோட்டம் திடீரென 170 மில்லிஆம்பியர் அளவுக்கு உயரக்கூடும். அருகில் போதிய மின்தேக்கி இல்லையென்றால் மின்னழுத்தம் சரிந்து சில்லு மீண்டும் முதலிலிருந்து தொடங்கிவிடும். பலர் இதை நிரலின் பிழை என்று எண்ணி நாள்கணக்கில் தேடுவதுண்டு.

2.4 கிகாஹெர்ட்சு அலையின் நீளம் சுமார் 12.5 செ.மீ.; அதில் கால்பங்கு ஏறத்தாழ 3 செ.மீ. இந்த நீளமே பலகையில் வளைந்து நெளிந்த செப்புக் கோடாக அச்சிடப்பட்டு ஆன்டெனாவாகிறது. அதன் அடியில் செப்புத் தளமோ அருகில் உலோகப் பெட்டியோ இருந்தால் அது இசைவை இழக்கும். எனவே, மாட்யூலின் ஆன்டெனாப் பகுதி தாய்ப்பலகையின் விளிம்பிலோ அதற்கு வெளியே நீட்டியோ இருப்பது நல்லது.

சான்றைச் சரிபார்த்தல்

அமெரிக்காவின் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசி, தன் விதி 15.212இல் மாட்யூலுக்கான நிபந்தனைகளைக் கூறுகிறது. சொந்தக் கவசம், சொந்த மின்னழுத்தச் சீராக்கி, நிலையாகப் பொருத்திய அல்லது தனித்த இணைப்பி கொண்ட ஆன்டெனா, தனியாகச் செய்த சோதனை, அடையாள எண் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. கவசமில்லாத மாட்யூலுக்கு வரம்புக்குட்பட்ட ஒப்புதல் மட்டுமே கிடைக்கலாம்.

கவசத்தின்மேல் எஃப்சிசி சின்னம் இருப்பது மட்டும் சான்றாகாது. அடையாள எண் வேண்டும். அந்த எண்ணை ஆணையத்தின் பொதுத் தரவுத்தளத்தில் தேட வேண்டும். சோதனை அறிக்கைகளுடன் பெரும்பாலும் உட்புறப் படங்களும் அங்கே கிடைக்கும். கையிலுள்ள பலகையை அப்படங்களோடு ஒப்பிடுவதே மிகவும் பயனுள்ள சோதனை. ஆன்டெனாவின் வகை வேறாக இருந்தால் அந்தச் சான்றை அப்படியே நம்ப முடியாது. உடலிலிருந்து 20 செ.மீ. தள்ளியே பயன்படுத்த வேண்டும் என்ற நிபந்தனையும் சில சான்றுகளில் இருக்கும். கையில் அணியும் கருவி செய்பவர் இதைக் கவனிக்க வேண்டும்.

சான்றுள்ள மாட்யூலைப் பொருத்திய கருவியின் மேல் உள்ளிருக்கும் மாட்யூலின் எண்ணைக் குறிப்பிட வேண்டும். கருவியின் மற்ற மின்சுற்றுகள் எழுப்பும் கதிர்வீச்சுக்குத் தயாரிப்பாளரே பொறுப்பு.

ஐரோப்பிய ஒன்றியத்தில் இவ்வகை மாட்யூல் ஒப்புதல் இல்லை. 2014/53 ஆணைப்படி முழுக் கருவிக்கும் தயாரிப்பாளரே உறுதிமொழி அளிக்கிறார். இந்தியாவில் எஃப்சிசி எண் செல்லாது. இங்கு ஈடிஏ எனப்படும் கருவி வகை ஒப்புதலைத் தனியே பெற வேண்டும்.