செவிக்கு எட்டாத சரக்கு

அந்தி சாய்ந்தபின் கூக்கால் ஏரிக்கரையில் நிற்பவர், சப்தமே ஒழிந்ததென்று எண்ணுவர். தலைக்கு மேலே பூச்சி தேடும் வௌவால்களோ ஓயாது கூவுகின்றன. அக்கூவல் பெரும்பாலும் விநாடிக்கு 20,000 அதிர்வுகளைக் கடந்தது. மனிதச் செவியின் எல்லையோ அவ்வளவே. வயது ஏற ஏற அதுவும் தாழும். நாற்பதைக் கடந்த நம்மனோர்க்கு 15,000க்கு மேல் கேட்பது அரிது.

1982ல் வெளிவந்த குறுந்தட்டு, சப்தத்தை விநாடிக்கு 44,100 முறை அளந்து எண்ணாக்குகிறது. உச்ச அதிர்வின் இருமடங்குக்குச் சற்று மேலாக அளந்தால் ஒலி பழுதின்றி மீளும் என்பது சாஸ்திரம். இது போதாது, 1,92,000 முறை அளந்ததே உயர்ந்தது என்று சொல்லி, வியாபாரிகள் கூடுதல் விலை கேட்கின்றனர். கேட்கட்டும், ஆனால் ருசுப்படுத்தும் பாரம் அவர்களுடையதன்றோ? அமெரிக்காவில் மேயர், மோரான் என்போர், உயர்ரக ஒலியையும், அதனையே குறுந்தட்டின் அளவுக்குக் குறைத்ததையும், இன்னதென்று அறிவிக்காமல் பலருக்குக் கேட்பித்து, முடிவை 2007ல் வெளியிட்டனர். 554 தடவையில் சரியான விடை 276. காசைச் சுண்டியிருந்தாலும் இவ்வளவு தேறியிருக்கும்!

பண்பலை ஒலிபரப்பு 15,000 அதிர்வோடு நின்றுவிடுகிறது. கோடைப் பண்பலையில் நாகஸ்வரம் கேட்டுக் குறைப்பட்டவரை நாம் கண்டதில்லை. அப்பணத்தை நல்ல ஒலிபெருக்கிக்குச் செலவிடுவோர், பேதத்தைத் தம் காதாலேயே அறிவர்.